தேய்ந்தது எந்த இடத்தில்?

ஒகேனக்கல்லில் மீன் கழுவி அறுத்துத் தருகிறவர்களின் கத்தியைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். வாங்கும்போது இரண்டு விரல் அகலம் இருந்த அலகு சாணைக்கல்லில் ஏறி ஏறி, நடுவில் குழிந்து ஒரு விரலாகியிருக்கும். பிடி பிளந்த இடத்தில் சைக்கிள் டியூப் சுற்றியிருக்கும். அந்தக் கத்திக்கும் ஆயுத பூஜை உண்டு. அன்றைக்கு அதைத் துலக்கி, சந்தனம் குங்குமம் வைத்து, பூ சாத்திப் படைப்பார்கள். பூஜை முடியும்வரை அதைத் தொட்டு வேலை செய்யக்கூடாது. தொழில் செய்வதால்தான் அது தெய்வம். தெய்வமான நாளில் அதற்குத் தொழில் இல்லை. அப்படியானால் கும்பிடு போய்ச் சேர்வது எங்கே? இரும்புக்கா, அது செய்த வேலைக்கா?

ஒகேனக்கல் இருக்கும் தருமபுரிச் சீமைக்கு இது பழைய கேள்வி. தகடூர் என்று பெயர் பெற்றிருந்த காலத்தில் இங்கே ஆண்ட அதியமான் நெடுமான் அஞ்சிக்காக அவன்மேல் போருக்கு எழுந்த மன்னன் தொண்டைமானிடம் ஔவையார் தூது போனார். தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைத் திறந்து காட்டினான். மயிற்பீலி அணிந்து, மாலை சூட்டி, நெய் பூசிய வேல்கள் வரிசையாக நின்றன. ஔவை அவற்றைப் புகழ்வதுபோலத் தொடங்கி, தம் தலைவனின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி முறிந்து கொல்லன் பட்டறையில் கிடக்கின்றன என்று முடித்தார். புறநானூற்றின் 95ஆம் பாட்டு இது. தேய்மானத்தைச் சான்றிதழாக நீட்டிய முதல் தமிழ்க் குரல்களில் ஒன்று என்று இதைச் சொல்லலாம்.

ஆனால் தேய்ந்ததெல்லாம் உழைத்ததாகிவிடுமா? இதற்கு வேல்களைவிட நல்ல சாட்சி ஒன்று உண்டு: பழைய சினிமா வில்லன்களின் கையில் ‘சடக்’கென்று விரியுமே, அந்தப் பட்டன் கத்தி.

அது மடிந்து சட்டைப் பையில் கிடக்கும்போதே உள்ளே ஸ்பிரிங் முறுக்கேறித்தான் இருக்கிறது. பட்டனை அழுத்தினால் பூட்டு விலகும். ஸ்பிரிங் அலகை உதறித் தள்ளும். அலகின் அடிப்பக்கம் ஒரு சின்ன எஃகு முளையில் மோதி நிற்கும். எப்போதும் முறுக்கிலேயே இருந்தால் ஸ்பிரிங் சோர்ந்துபோகும் என்று தோன்றும். நல்ல எஃகு அப்படிச் சுலபத்தில் சோர்வதில்லை. அதை ஓய்ப்பது திறப்பதும் மடிப்பதும்தான். ஒரே தடவையில் ஒடிக்க முடியாத சுமைகூடத் திரும்பத் திரும்ப ஏறி இறங்கினால் இரும்பை ஒடித்துவிடும் என்பதை, 1850களிலும் 60களிலும் ரயில் அச்சுகளைச் சோதித்துக் காட்டினார் ஜெர்மானியப் பொறியாளர் ஆகஸ்ட் வோலர்.

மற்ற உறுப்புகளுக்கும் தனித்தனி ஆயுள். கைப்பிடி அலுமினியம் என்றால், ஒவ்வொரு மோதலிலும் முளை உட்கார்ந்த துளை கொஞ்சம் கொஞ்சமாக நெகிழும். அலகு சுழலும் அச்சை அணைத்திருக்கும் வெண்கல வாஷர் தேயும், அலகு லொடலொடக்கும். ஆற்று மணல் புகுந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். மணலில் உள்ள குவார்ட்ஸின் கடினம் மோஸ் அளவில் 7, எஃகையே கீறும். அலகின் கதை வேறு. வனேடியம் சேர்ந்த எஃகில் கடினமான கார்பைடு துகள்கள் இருப்பதால் கூர் நாள்பட நிற்கும். அதே காரணத்தால் சாணை பிடிப்பவரின் கையை நோகடிக்கும்.

கவனிக்க வேண்டியது, எது தேய்ந்திருக்கிறது என்பதை. வெட்டினால் கூர் தேயும். சும்மா விரித்து மடக்கி வேடிக்கை காட்டினால் அச்சும் முளையும் ஸ்பிரிங்கும் தேயும். கூர் புதுசாகவும் அச்சு ஆட்டமாகவும் இருக்கும் பட்டன் கத்தி, ஒரு வேலையும் செய்யாமலே கிழடாகிவிட்ட கத்தி. தொண்டைமானின் வேல்களாவது சும்மா நின்றன. இதுவோ ஓயாமல் இயங்கியும் எதையும் அறுக்கவில்லை. பக்தியிலும் இப்படி அச்சு மட்டும் தேய்ந்தவர்கள் உண்டு. பெயர் சொல்ல வேண்டியதில்லை.

கும்பிடு வேலைக்குத்தான் என்று வைத்துக்கொண்டாலும் சிக்கல் தீராது. அந்த வேலையைச் செய்த கத்தி இன்று இருக்கிறதா? பொருள் கடைசியில் அழிகிறது என்றால் கணந்தோறும் அழிந்துகொண்டுதான் இருக்க வேண்டும், நேற்றையது இன்று இல்லை என்பது பௌத்தரின் வாதம். ‘இது அதே கத்தி’ என்று அடையாளம் காண முடிகிறதே, அந்த அறிவு பொய்யா என்று நியாயம் என்ற தர்க்க மரபினர் திருப்பிக் கேட்டார்கள். வெட்டி வளர்ந்த நகத்தையும்தான் அதே நகம் என்கிறோம் என்றது பௌத்தத் தரப்பு. ஒகேனக்கல் பரிசல்காரரிடம் போனால் வழக்கு நியாயத்தின் பக்கம் சாயும். பரிசலுக்கு ஒருகாலத்தில் தோல் போர்த்தினார்கள். இப்போது பிளாஸ்டிக் தாளும் தாரும். மூங்கில் சிம்பு முறிந்தால் மாற்றுவார்கள். ஆனாலும் ‘என் பரிசல்’ என்பதில் அவருக்குச் சந்தேகம் வராது. வேலை தொடர்கிறவரை பொருளும் தொடர்கிறது என்பது அவர் கணக்கு. நியாய நூல்கள் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லவில்லை.

சட்டம் பட்டன் கத்தியை வேறு கண்ணால் பார்த்தது. டெல்லி நிர்வாகத்தின் 1980ஆம் ஆண்டு அறிவிக்கை, பட்டனாலோ ஸ்பிரிங்காலோ திறக்கும் கத்தியின் அலகு 7.62 செ.மீ. நீளமும் 1.72 செ.மீ. அகலமும் எட்டினால் ஆயுதம் என்றது. அமெரிக்கா 1958இல் மாநிலங்களுக்கிடையிலான பட்டன் கத்தி வணிகத்துக்குத் தடை போட்டபோது, ஒற்றைக் கை உள்ளவர்கள் மூன்று அங்குலத்துக்கு மேற்படாத அலகை வைத்துக்கொள்ள விலக்கு அளித்தது. அளவுகோலோடு, பிடித்திருக்கும் கையையும் பார்த்த சட்டம் அது. மடக்குக் கத்திக்குப் பேர்போன உத்தரப் பிரதேசத்து ராம்பூரில் 2023இல் சுமார் 20 அடி நீளக் கத்தி ஒன்றை நாற்சந்தியில் நிறுத்தினார்கள். தொண்டைமான் பார்த்திருந்தால் மயிற்பீலி சாத்தியிருப்பான்.

ஔவை மெச்சிய முறிந்த நுனிகள் மனித உடம்பில் முறிந்தவை என்பதையும் மறக்க முடியாது. மீனறுத்துக் குழிந்த கத்தியையும் அந்த வேல்களையும் ஒரே தட்டில் வைத்துத் ‘தேய்வே பெருமை’ என்று பாடிவிட முடியாது. அவர் அந்தத் தேய்மானத்தைக் காட்டியது போரைக் கிளப்ப அல்ல, தொண்டைமான் போருக்கு வராமல் தடுக்க. பின்னாளில் சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை படையெடுத்து வந்து தகடூரை அழித்தான். அந்தப் போரைப் பாடிய தகடூர் யாத்திரை முழுதாகக் கிடைக்கவில்லை. உதிரிப் பாடல்கள் மட்டுமே எஞ்சியிருக்கின்றன.