புண்பட்ட மனத்தின் பொறுப்பு

மனம் புண்பட்டது என்று ஒருவர் கூறும்போது, தமக்கு வலி நேர்ந்தது என்பதும், அவ்வலிக்குக் காரணமானவர் குற்றம் செய்தார் என்பதும் ஒன்றாகக் கலந்தே வருகின்றன. முன்னதற்கு வலியுற்றவரே சான்று. பின்னதற்கோ அவருடைய வலி சான்றாகாது, ஏனெனில் செயல் தவறானதா என்பதைச் செயலைக் கொண்டுதான் ஆராய வேண்டும். இவ்வேறுபாடு மறக்கப்பட்டால் என்ன நேரும் என்பதை அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரத்து வானம் பார்த்த பூமியின் வரலாறு காட்டுகிறது.

இப்பகுதியில் வணிகத்தால் உயர்ந்த நாடார்கள், வணிகத்தின் மீது தமக்குள் வாங்கிய மகமை என்னும் பொதுநிதியையும், அதை நிருவகித்த உறவின்முறை என்னும் அமைப்பையும் கொண்டு தம் வாழ்வை உயர்த்திக்கொண்டிருந்த காலத்தில், கோயில் நுழைவு மறுக்கப்பட்டிருந்த அவர்களுள் சிலர் 1897இல் குண்டாற்றங்கரைக் கமுதியின் மீனாட்சி சுந்தரேசுவரர் கோயிலுக்குள் சென்று வழிபட்டனர். கோயில் தீட்டுப்பட்டது என்றும், அதைத் தூய்மைப்படுத்தும் செலவை நுழைந்தவர்களே தர வேண்டும் என்றும் அறங்காவலரான இராமநாதபுரம் சேதுபதி தொடுத்த வழக்கில், கீழ்நீதிமன்றம் முதல் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை (1908) தீர்ப்பு நாடார்களுக்கு எதிராகவே அமைந்தது. கோயிலைக் காத்துவந்தவர்களின் வேதனை உண்மையானதாகவே இருந்திருக்கலாம். ஆனால் மற்றொருவர் தமக்கு நிகராக நின்றதால் எழுந்த அவ்வேதனைக்கு, நின்றவரையே விலை கொடுக்கச் சொன்னது அநீதி. வழக்கமும் சட்டமும் துணைநின்றதால் அதன் கொடுமை சற்றும் குறைந்துவிடவில்லை.

அதே குண்டாற்றங்கரையில், திருச்சுழியில் 1879இல் பிறந்த இரமண மகரிஷி, தம்மை இழித்துரைத்து ஒருவர் அச்சிட்ட நூலைத் தடுக்க முயலாமல், அதை ஆசிரம வாயிலிலேயே விற்கலாம் என்று கூறியதாக அடியார்கள் பதிவு செய்துள்ளனர். தம் பெயருக்கு நேர்ந்த இழிவைத் தாமே ஏற்றுக் கடந்த இப்பொறுமை போற்றத்தக்கது. எனினும் அது அவரவர் தமக்கென ஏற்கத்தக்க ஒழுக்கமேயன்றி, கோயில் வாயிலில் மறிக்கப்பட்டவரிடம் பிறர் சென்று வற்புறுத்தத்தக்கது அன்று. உரிமை பறிக்கப்பட்டவரின் சினம் நீதியைக் கேட்கிறது. அதைப் பொறுமையின்மை என்று பழிப்பது பறித்தவருக்கே துணைபோகும்.

தனி மனிதரின் புண்பாடு ஒரு கூட்டத்தின் புண்பாடாக மாறும்போது சிக்கல் முற்றுகிறது, ஏனெனில் அங்கே வேதனை எல்லாருடையதாகவும் பொறுப்பு எவருடையதும் அல்லாததாகவும் ஆகிவிடுகிறது. எழுத்தாளர் பெருமாள்முருகனின் ‘மாதொருபாகன்’ என்னும் நாவல் 2010இல் வெளிவந்தது. அது தம் மனத்தைப் புண்படுத்தியதாகக் கூறியோரின் எதிர்ப்போ 2014இன் இறுதியில்தான் திருச்செங்கோட்டில் மூண்டது. 2015 சனவரி 12இல் நாமக்கல்லில் அதிகாரிகள் முன்னிலையில் நடந்த பேச்சில் அவர் நிபந்தனையற்ற வருத்தம் தெரிவிக்க நேர்ந்தது; அதன்பின் தம்முள் இருந்த எழுத்தாளர் இறந்துவிட்டதாகவே அறிவித்தார். பிடிக்காத நூலைப் படிக்காமல் விடும் உரிமை வாசகரிடமே உள்ளது என்பதைச் சுட்டிய சென்னை உயர்நீதிமன்றம், 2016 சூலை 5ஆம் நாள் அளித்த தீர்ப்பில், அந்தச் சமரசப் பேச்சு எழுத்தாளரைக் கட்டுப்படுத்தாது என்று அறிவித்தது.