கட்டிய நாயும் கலையும் பறவையும்

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் உள்ளது வெல்லாவெளி. மாரிமழை ஓய்ந்த தை மாதக் காலையில் பற்றைக்காட்டோரமாகவும் குளக்கட்டின் வழியாகவும் தொலைநோக்கியுடன் நடப்பவனுக்கு, வடஆசியாவிலிருந்து வந்த உள்ளான்களும் தாராக்களும் காட்சி தரும். அவனோடு ஒரு நாயும் செல்கிறது எனக் கொள்க. அது குரைக்கவில்லை, கயிறும் அவன் கையிலேயே இருக்கிறது. ஆயினும் சேற்றில் இரைதேடிய கூட்டம் கலைந்தெழுகிறது. இங்கே தவறு உண்டா?

நோக்கத்தைக் கொண்டே செயலை அளப்போர் இல்லை என்பர். விலங்குகள் சிந்திக்கின்றனவா என்பதன்று, துன்புறுகின்றனவா என்பதே வினா என 1789 இல் வாதிட்டார் பெந்தாம். ஆனால் எழுந்து பறக்கும் கூட்டத்தின் துன்பம் காண்போனுக்குத் துன்பமாகத் தெரிவதில்லை; அழகாகவே தெரிகிறது. சிக்கல் இதுதான். பங்குனி, சித்திரையில் திரும்பும் நெடும்பயணத்துக்கான கொழுப்பை அப்பறவை இச்சேற்றிலேயே சேர்க்க வேண்டும். வீணே எழும் ஒவ்வொரு முறையும் அதிலொரு பகுதி செலவாகிறது.

சிட்னியை அடுத்த காடுகளில் நடத்தப்பெற்று 2007 இல் வெளிவந்த ஆய்வொன்றில், கயிற்றில் கட்டி நடத்திய நாய்களாலேயே பறவைகளின் தொகை 41 சதவீதமும் இனவகை 35 சதவீதமும் குறைந்தன. நாயின்றி மனிதர் நடந்தபோதும், அதிற் பாதிக்கும் குறைவாகவேனும், பறவைகள் விலகின. ஆகவே பழியை நாயின்மேற் சுமத்திவிட்டு அவன் தப்ப இயலாது.

விளைந்த கதிரைக் காக்கப் பறவையை விரட்டும் உழவனுக்குச் சோறு என்னும் நியாயம் உண்டு. பார்வையாளனுக்கோ இன்பம் ஒன்றே நியாயம். அவன் கட்டுப்பாடு உழவனுடையதினும் கடுமையாகவே இருத்தல் வேண்டும். நாயை வீட்டில் விட்டுவருவது எளிது. உள்ளான் தலைநிமிர்த்தும் முன்னரே குளக்கட்டில் நின்றுவிட அவன் பழகுவதற்கு எத்தனை மாரி வேண்டுமோ!