காண்போர் கண்ணும் சொல்வோர் குரலும்

குருட்சேத்திரப் போரைக் கண்ணிழந்த திருதராட்டிரனுக்குச் சஞ்சயன் எடுத்துரைத்தான் என்பது பாரதக் கதை. நேர்முக வருணனையாளருள் முதல்வன் அவனே என்று வேடிக்கையாகச் சொல்வதுண்டு. அவ்வேடிக்கைக்குள் ஒரு வினா மறைந்து கிடக்கின்றது. திருதராட்டிரனுக்குக் கண் இல்லை. ஆதலின் அவனுக்கு ஒரு குரல் வேண்டியிருந்தது. தொலைக்காட்சியின் முன்னமர்ந்து உதைபந்தாட்டம் காண்பவனுக்கோ கண் இருக்கின்றது. பந்தை உதைத்தவர் யார், அது வலைக்குள் வீழ்ந்ததா என்பவற்றை அவனே காண்கின்றான். அங்ஙனமாயின் அவனுக்குச் சஞ்சயன் எதற்கு? அவன் அடையும் களிப்பு கண்ட ஆட்டத்தினால் விளைந்ததா, அன்றிக் கேட்ட குரலினால் விளைந்ததா?

வானொலிக் காலத்தில் இவ்வினாவுக்கு இடமிருக்கவில்லை. 1927ஆம் ஆண்டு ஜனவரி 22ஆம் திகதி இலண்டன் ஹைபரி மைதானத்தில் ஆர்சனல் அணியும் ஷெபீல்ட் யுனைட்டெட் அணியும் மோதிய ஆட்டத்தை பி.பி.சி. நேர்முகமாக ஒலிபரப்பியது. மைதானத்தைச் சதுரங்களாகப் பிரித்து இலக்கமிட்ட வரைபடம் ஒன்று நேயர்களுக்காக முன்கூட்டியே அச்சிடப்பட்டிருந்தது. ஒருவர் ஆட்டத்தை வருணிக்க, மற்றொருவர் பந்து நிற்கும் சதுரத்தின் இலக்கத்தைச் சொல்லிக்கொண்டிருந்தார். கேட்போர் யாவரும் அன்று திருதராட்டிரர்களே. தொலைக்காட்சி வந்ததும் சதுரங்கள் மறைந்தன, குரல் மறையவில்லை. செய்தி சொல்லும் வேலையை இழந்த அது, சுவையூட்டும் வேலையை ஏற்றுக்கொண்டது.

சுவையூட்டுதல் காட்சியின் மேல் தூவப்படும் உப்புப் போன்றது, காட்சியை அது மாற்றுவதில்லை என்று சிலர் வாதிடலாம். 1977ஆம் ஆண்டு அமெரிக்காவில் கொமிஸ்கி, பிரையன்ட், சில்மன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வொன்று இவ்வாதத்தை ஐயத்துக்குள்ளாக்குகின்றது. அவர்கள் எடுத்துக்கொண்டது பனித்தள ஹொக்கி. முரட்டுத்தனம் மிகுந்த ஒரு பகுதியின் வருணனை அம்முரட்டுத்தனத்தை வலியுறுத்தவில்லை. சாதாரணமான மற்றொரு பகுதியின் வருணனையோ அதனை மோதலாகவே வருணித்தது. வருணனையுடன் பார்த்தவர்களுக்குச் சாதாரணப் பகுதியே கூடிய முரட்டுத்தனம் உடையதாகத் தோன்றியது. கண்ணால் கண்டதைக் காது திருத்தி எழுதிவிட்டது! ‘கண்ணாரக் கண்டேன்’ என்று சத்தியம் செய்பவர்கள் சிந்திக்க வேண்டிய செய்தி இது.

மலையகத்தை நோக்குமிடத்து இவ்வினா மேலும் ஆழமடைகின்றது. 1982 பெப்ரவரியில் ஒளிபரப்பைத் தொடங்கிய ரூபவாஹினியின் பிரதான கோபுரம் நுவரெலியாவிலே, 2,524 மீற்றர் உயரமான பீதுருதாலகால மலையுச்சியில் அமைந்தது. நாடெங்கும் சென்ற படம் தேயிலை மலைகளின் தலைக்கு மேலிருந்தே சென்றது. ஆனால் அம்மலைகளின் லயங்களிலிருந்து வெளிநாட்டு உதைபந்தாட்டம் பார்த்தவர்களை எட்டிய குரல் பெரும்பாலும் ஆங்கிலக் குரலே. சொல் விளங்காத குரல் என்ன செய்யும்? அது ஏறும், இறங்கும், திடீரென்று உடையும். பந்து கோலை நெருங்குகின்றது என்பதைக் கொழுந்துக் கணக்கு எழுதிக்கொண்டிருப்பவரும் தலை நிமிராமலே அறிந்துகொள்வார். சொல்லே விளங்காத ஒருவரையும் ஒரு வருணனை நிமிர்ந்து உட்கார வைக்குமாயின், அது தருவது அறிவு அன்று. ஒருவகை இசை என்றே கொள்ளல் வேண்டும்.

இவ்விடத்தில் மற்றொன்றும் நிகழ்ந்தது. ஒரு காம்பராவில் பலர் கூடிப் பார்க்கையில், பாடசாலையில் சிறிது ஆங்கிலம் கற்ற இளைஞன் ஒருவன் இடையிடையே பொருள் சொல்லத் தொடங்குவான். விளங்கியதைச் சொல்வான், விளங்காததைத் தானே இட்டு நிரப்புவான். சொந்தத் தோட்டத்து ஆட்டக்காரன் ஒருவனோடு ஒப்பிட்டுச் சிரிப்பு மூட்டுவான். இவன் கூத்தின் கட்டியக்காரனுக்கு உறவினன். கட்டியக்காரன் கூத்துக்கு உள்ளேயும் நிற்பான், வெளியேயும் நிற்பான். அரசனை அறிவித்துவிட்டு அவனையே கேலியும் செய்வான். இவனைச் சபையோர் மறுத்துப் பேசலாம், “சும்மா இரு” என்று அடக்கலாம். தொலைக்காட்சிக் குரலை அவ்வாறு மறுத்துப் பேச இயலாது. பேசினாலும் அதற்குக் கேளாது. இவ்வேறுபாடு சிறியதன்று.

ஹட்டன் டன்பார் மைதானத்தின் ஓரத்தில் நின்று ஆட்டம் பார்ப்பவன் எங்கே பார்ப்பது என்பதைத் தானே தீர்மானிக்கின்றான். பந்தை விடுத்துக் கோல் காப்பாளனின் பதற்றத்தை மட்டும் பார்த்துக்கொண்டிருக்க அவனுக்கு உரிமையுண்டு. தொலைக்காட்சியிலோ ஒளிப்படக்கருவி முதலில் தெரிவு செய்கின்றது. அதன்பின் குரல் தெரிவு செய்கின்றது. எஞ்சியதே காண்போனுக்கு. எனவேதான் கேளிக்கைக் குரல்கள்மீது ஒரு குற்றச்சாட்டு உண்டு: அவை ஆட்டத்துக்கு முன்னால் வந்து நின்று மறைக்கின்றன என்பது. 2018ஆம் ஆண்டு உலகக் கிண்ணத்தில் ஸ்பெயினுக்கு எதிராக 88ஆவது நிமிடத்தில் ரொனால்டோ அடித்த மூன்றாவது கோலுக்குக் கேரளத்தின் ஷைஜு தாமோதரன் மலையாளத்தில் எழுப்பிய ஆரவாரம், அம்மொழி அறியாதவரிடையேயும் பரவியது. அக்கோலை நினைப்பவருள் சிலருக்குப் பந்தின் வளைவுக்கு முன் அக்குரலே நினைவில் எழும்.

எனினும் மறைத்தல் என்ற இக்குற்றச்சாட்டை முழுமையாக ஏற்றல் கடினம். கொழும்பில் கடையொன்றில் வேலை செய்து, அதன் மேல்மாடியில் உறங்கும் மலையக இளைஞனுக்கு அக்குரல் துணையுமாகும். தனியே மகிழ்வதில் ஒரு வறுமை உண்டு. அதனை அக்குரல் நீக்குகின்றது. கேளிக்கையையே குற்றமெனக் கருதுவோர் இத்தேவையை அறியாதவர்கள்.

ஆகவே குரல் களிப்பூட்டுகின்றதா என்று கேட்பதைவிட, தான் ஊட்டிய களிப்பைத் தானே கெடுக்கவல்ல ஓர் உண்மையைச் சொல்ல அது துணியுமா என்று கேட்பதே பொருத்தமானது. 1986 ஜூன் 22ஆம் திகதி மெக்சிக்கோவின் அஸ்டெக்கா மைதானத்தில் ஆர்ஜென்டீனாவும் இங்கிலாந்தும் ஆடிய காலிறுதியைப் பலரும் அறிவர். நான்கு ஆண்டுகளுக்கு முன்னரே அவ்விரு நாடுகளும் போக்லண்ட் தீவுகளுக்காகப் போரிட்டிருந்தன. மரடோனாவின் இரண்டாவது கோலை ஆர்ஜென்டீன நேயர்களுக்கு வருணித்த உருகுவே நாட்டவரான விக்டர் ஹியூகோ மொராலெஸ், தேம்பியழுது, கடவுளுக்கு நன்றி கூறி, மரடோனாவை விண்வெளிப் பட்டமென அழைத்தார். கேளிக்கைக் குரலின் உச்சம் எதுவென வினவுவோர் இன்றும் அதனையே காட்டுவர்.

ஆனால் அதற்குச் சில நிமிடங்கள் முன்னர் மரடோனா கையால் தட்டிய முதற்கோல் பேசப்படும்போது மொராலெஸ் குறைவாகவே நினைக்கப்படுகின்றார். மத்தியஸ்தர் கோலை ஏற்றுவிட்டார். பி.பி.சி. தொலைக்காட்சியில் வருணித்த பெரி டேவிஸ், இங்கிலாந்து வீரர்கள் ஓப்சைட்டுக்காகவே முறையிடுகின்றனர் என்று முதலில் கருதினார். மொராலெஸோ அக்கணத்திலேயே, தம் நோக்கில் அது கையால் அடிக்கப்பட்டதென்றும், ஆன்மாவினாலேயே அக்கோலைக் கூவுவதாகவும், எனினும் தாம் எண்ணுவதைச் சொல்லியாக வேண்டுமென்றும் நேயர்களுக்குக் கூறினார். அவரைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் அதனைக் கேட்க விரும்பியவர்கள் அல்லர். வானொலி நேயர்களுக்குத் தாமாகக் கண்டறியும் வழியும் இல்லை; மறைத்திருந்தால் அன்றிரவு வரையாவது அவர்களது களிப்பு மாசற்றதாய் இருந்திருக்கும். புதல்வர்களின் வீழ்ச்சியைத் தந்தையிடமே சொன்ன சஞ்சயன், அவ்வழிவில் தந்தைக்குள்ள பங்கையும் எடுத்துக்காட்டத் தவறவில்லை என்பது இங்கு நினைக்கத்தக்கது. சில நிமிடங்களின்பின் மொராலெஸ் அழுதபோது அவ்வழுகையை நம்ப முடிந்ததற்கு, முன்னர் அவர் சொன்ன அவ்வுண்மையும் ஒரு காரணம் எனத் துணியலாம்.

இன்று செய்மதி வழியாகத் தமிழ் விளையாட்டு வருணனையும் லயங்களை எட்டுகின்றது. சொல் விளங்குகின்றது, நகைச்சுவையும் விளங்குகின்றது. சொல் விளங்காத காலத்தில் இசையாக மட்டும் இருந்த குரல், இப்போது கருத்தாகவும் உள்ளே வருகின்றது. இட்டு நிரப்பிய இளைஞனுக்கு வேலையில்லை. அவனை மறுத்துப் பேசியவர்களுக்கும் வேலையில்லை.

அன்றியும் குரலே இல்லாத நேரங்கள் மலையகத்தில் உண்டு. 2014 உலகக் கிண்ண இறுதியாட்டம் இலங்கை நேரப்படி நள்ளிரவு 12.30 மணிக்குத் தொடங்கியது. லயத்தின் இடைச்சுவர்கள் ஒலியைத் தடுப்பவை அல்ல. அடுத்த காம்பராவில் உறங்குபவர் காலையில் பிரட்டுக்குச் செல்ல வேண்டியவர். ஆகவே அத்தகைய இரவுகளில் ஒலியை அடக்கிவிட்டுப் பார்ப்பதே அங்கு வழக்கம். ஒலியடங்கிய ஆட்டம் வேறோர் ஆட்டமாகும். அதில் சலிப்பு மிகுதி. குரல் மூடி வைத்திருந்த சலிப்பு அது. பந்து தொலைவில் இருக்கையில் மெஸ்ஸி ஓடாமல் நடப்பதும் அப்போதுதான் கண்ணிற் படும். அவ்வாட்டத்தின் முதற்பாதியில் ஆர்ஜென்டீனாவின் ஹிகுவாயின் பந்தை வலைக்குள் அடித்துவிட்டுக் கைகளை விரித்து ஓடினார். ஓப்சைட் கொடியோ உயர்ந்திருந்தது. ஒலியின்றிப் பார்த்தவர்கள், கொடியைத் தாமே காணும்வரை அவரோடு சேர்ந்து மகிழ்ந்திருக்க வேண்டும். முதலில் கண்டவர், பக்கத்திலிருந்தவருக்குக் காதோடு காதாகச் சொல்லியிருக்க வேண்டும்.