மதியிறுக்கம்: அறிதலும் ஏற்றலும்

முன்னுரை

ஐக்கிய நாடுகள் அவை 2007ஆம் ஆண்டு நிறைவேற்றிய தீர்மானத்தின்படி, 2008 முதல் ஏப்ரல் 2ஆம் நாள் உலக ஆட்டிச விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்பட்டு வருகிறது. விழிப்புணர்வு அறிவு சார்ந்தது. ஏற்பு ஒழுக்கம் சார்ந்தது. முன்னது நிகழ்ந்தால் பின்னது தானே நிகழுமா என்னும் வினாவைக் கொல்கத்தா நகரச் சூழலையும் தமிழ் இலக்கிய மரபையும் துணையாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

பெயரும் பார்வையும்

1943இல் லியோ கானர் என்னும் மருத்துவர் 11 குழந்தைகளை ஆராய்ந்து ஆட்டிசத்தைத் தனியொரு நிலையாக விளக்கினார். தமிழில் இது மதியிறுக்கம் எனப்படுகிறது. அரசு வழக்கில் ‘புற உலகச் சிந்தனையற்றோர்’ என்னும் தொடரும் காணப்படுகிறது. இத்தொடர் வெறும் பெயரன்று, ஒரு தீர்ப்பு. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட கையேட்டின் ஐந்தாம் பதிப்பு, ஒலி, ஒளி, தொடுகை ஆகியவற்றை மிகையாகவோ குறைவாகவோ உணர்தலை இந்நிலையின் அடையாளங்களுள் ஒன்றாகச் சேர்த்தது. அவ்வாறாயின், இவர்களுள் பலருக்குப் புற உலகம் இல்லாமற் போகவில்லை. தாங்கவொண்ணா அளவிற்கு நெருங்கி நிற்கிறது என்பதே பொருந்தும்.

விழாவும் விலக்கமும்

கொல்கத்தாவின் துர்கா பூசையை யுனெசுகோ நிறுவனம் 2021இல் மானுடத்தின் பண்பாட்டு மரபாக அறிவித்தது. ஊர் முழுவதற்கும் உரிய விழா அது. ஆயின் இடைவிடாத முழவோசையும் விளக்கொளியும் கூட்ட நெரிசலும் மதியிறுக்கமுடைய குழந்தைக்குத் துன்பமாதல் கூடும். பந்தலில் செவிகளைப் பொத்திக்கொண்டு அலறும் குழந்தையைக் காண்போர், ஆட்டிசம் என்னும் சொல்லை அறிந்தவராகவே இருக்கலாம். எனினும் ‘வளர்ப்புச் சரியில்லை’ என்றே தாயை நோக்குவர். புரூனோ பெத்தல்கைம் 1967இல் வெளியிட்ட நூலில் பெற்றோரின் அன்பின்மையைக் காரணமாகக் காட்டினார். அக்கருத்து அறிவுலகில் மறுக்கப்பட்டுவிட்டது. தெருவில் இன்னும் வாழ்கிறது. பெற்றோர் ஒருங்கிணைந்து 2001இல் மேற்கு வங்க ஆட்டிசச் சங்கத்தைத் தோற்றுவித்தமையை இப்பின்னணியில் வைத்து நோக்குதல் வேண்டும். சட்டமும் பிந்தியே வந்தது. 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் குறித்த 7 வகைகளுள் ஆட்டிசம் இல்லை; 1999இன் தேசிய அறக்கட்டளைச் சட்டம் அதனைக் கருதியது; 2016இன் உரிமைச் சட்டம் 21 வகைகளுள் ஒன்றாக ஏற்றது.

பயன் என்னும் அளவுகோல்

உறையூர் முதுகண்ணன் சாத்தனார் சோழன் நலங்கிள்ளியைப் பாடிய புறநானூற்று 28ஆம் பாடல், குறையுடைய பிறப்புகள் எட்டினைத் தொகுத்து ‘எச்சம்’ என்கிறது. அவற்றால் ஊதியம் இல்லை என்றும் உரைக்கிறது. இங்குப் பிறவி பயனால் அளக்கப்படுகிறது. இன்று அவ்வாறு எவரும் வெளிப்படையாகக் கூறுவதில்லை. ஆயினும் மதியிறுக்கமுடையோருள் கணிதத்திலோ இசையிலோ அரிய ஆற்றல் பெற்ற சிலரைக் காட்டி, ‘ஆதலின் இவர்களை ஏற்க’ என வாதிடுதல் அதே அளவுகோலின் மறுபக்கமேயாகும். அத்தகு ஆற்றல் இல்லாதவர், பேச்சே இல்லாதவர் அவ்வாதத்தால் மீண்டும் வெளியே நிறுத்தப்படுகின்றனர்.

குறிப்பறிதல்

திருக்குறள் பொருட்பாலிலும் காமத்துப்பாலிலும் குறிப்பறிதல் என்னும் பெயரில் இரண்டு அதிகாரங்களை அமைத்துள்ளது. சொல்லாததை உணரும் பொறுப்பு அங்கு உணர்வோனிடம் வைக்கப்படுகிறது. இது நமக்குப் பெருந்துணை. எனினும் வள்ளுவம் முகத்தையும் கண்ணையும் உள்ளத்தின் வாயிலாகக் கொள்கிறது. கண்ணோக்கைத் தவிர்க்கும் ஒருவரிடத்து இவ்வாயில் பயன்படாது. அங்கு விலகிய பார்வை அன்பின்மையையோ அவமதிப்பையோ குறிப்பதன்று. கைகளை அசைத்தல், ஒரே சொல்லைத் திரும்பக் கூறல் போல்வனவும் குறிப்புகளே. டேமியன் மில்டன் 2012இல் முன்வைத்த ‘இரட்டைப் பரிவுச் சிக்கல்’ என்னும் கருத்தும், புரிதலின்மை இருபாலும் நிகழ்வது என்றே வலியுறுத்துகிறது. எனவே குறிப்பறிதலின் அறத்தை ஏற்று, குறிப்புகளின் பட்டியலை விரிப்பதே இன்றைய கடமை எனலாம்.

ஒரு மறுப்பும் விடையும்

ஏற்பு என்பது பயிற்சியைக் கைவிடுதலாகாதா என வினவலாம். ஆகாது. தன் தேவையைப் பிறர்க்கு உணர்த்தக் கற்பித்தல் அக்குழந்தைக்கே நலம் பயப்பது. அப்பயிற்சியில் வெல்லுதலைப் பள்ளியிலும் விழாவிலும் இடம்பெறுவதற்குரிய விலையாக்குதலே மறுக்கத்தக்கது.

முடிவுரை

அறிதல் மட்டும் ஏற்பினைத் தாராது என்பதும், திறமை கருதிய ஏற்பு முழுமையான ஏற்பன்று என்பதும் இதுகாறும் கூறியவற்றால் பெறப்படும். விழாப் பந்தலில் ஒலி குறைந்த ஒரு பொழுதை ஒதுக்குதல் சிறு செயலே. ஆயினும் அந்தக் குழந்தையை மாற்ற முனைவதற்கு முன் தன் வழக்கத்தை மாற்றிக்கொள்ள ஒரு சமூகம் இசைகிறது என்பதற்கு அதுவே சான்றாகும்.