பார்த்தும் பேசாதிருத்தல்

வலிக்கும் பல்லைப் பிடுங்குவதோடு பல்மருத்துவரின் பணி முடிந்துவிடுகிறதா? பிள்ளை சொல்ல அஞ்சுவதை அதன் வாய்க்குள் இருக்கும் காயம் சொல்லுமானால், அக்காயத்தைப் படிக்கத் தெரிந்தவரின் கடமை யாது?

குழந்தையை அடிப்பவரின் கை பெரும்பாலும் தலையையும் முகத்தையுமே நாடுகிறது. கிழிந்த உதடு, உடைந்த முன்பல், மேலுதட்டை ஈறோடு இணைக்கும் மெல்லிய சவ்வு அறுந்திருத்தல், ஆறியதும் ஆறாததுமான பல காயங்கள் ஆகியவற்றை அருகிருந்து, நல்ல வெளிச்சத்தில் காண்பவர் பல்மருத்துவரே. ஆயினும், இவற்றுள் ஒன்று மட்டுமே சான்றாகிவிடாது. நடை பழகும் குழந்தை விழுந்தாலும் உதடு கிழியும். காயமும் அதற்குச் சொல்லப்படும் காரணமும் பொருந்தாதபோதுதான் ஐயம் வலுக்கிறது.

கும்மிடிப்பூண்டி சிப்காட் தொழிற்பேட்டையையும் திருவள்ளூர் மாவட்டத்துச் செங்கல் சூளைகளையும் எண்ணிப் பார்ப்போம். ஒடிசா, பீகார் முதலிய மாநிலங்களிலிருந்து பிழைப்புத் தேடி வந்தோர் அங்கு உழைக்கின்றனர். ஒருநாள் கூலியை இழக்க இயலாமல், பிள்ளையின் சொத்தைப் பல்லைக் கவனியாது விட்ட தாயைக் கொடியவள் என்போமா? ஆகாது. வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. இலவச மருத்துவம் கிடைக்கும் இடத்தைக் காட்டிய பின்னும் பிள்ளையின் வலி பொருட்படுத்தப்படவில்லையெனில், அப்போதுதான் கேள்வி பிறக்கிறது. பிள்ளைக்குத் தமிழ் தெரியாதபோது உடன் வந்தவரே மொழிபெயர்க்கிறார். அடித்தவர் அவராகவே இருக்கவும் கூடும். எனவே வேறொருவர் வாயிலாகக் கேட்பதே முறை.

சட்டம் இதில் பாதி வழி வருகிறது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் 2012ஆம் ஆண்டுப் போக்சோ சட்டத்தின்படி, அத்தகைய குற்றத்தை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும். தவறினால் ஆறு மாதம் வரை சிறைத்தண்டனை உண்டு. நல்லெண்ணத்துடன் தெரிவித்தவருக்குப் பாதுகாப்பும் உண்டு. மகாராஷ்டிரத்தின் சந்திரபூர் மாவட்டத்தில், விடுதி மாணவியர் சீரழிக்கப்பட்டதை அறிந்தும் தெரிவிக்கவில்லை என ஒரு மருத்துவர்மீது தொடரப்பட்ட வழக்கை உயர்நீதிமன்றம் ரத்து செய்திருந்தது. 2022 நவம்பர் 2 அன்று உச்சநீதிமன்றம் அவ்வாணையை நீக்கி, அறிந்தும் தெரிவியாமை கடுமையான குற்றமே என்று உரைத்தது. அடி, பட்டினி ஆகிய கொடுமைகளைச் செய்தவரை 2015ஆம் ஆண்டு இளைஞர் நீதிச் சட்டத்தின் 75ஆம் பிரிவு தண்டிக்கிறது. ஆனால், கண்டவர் சொல்லியே தீரவேண்டும் என்று அப்பிரிவு கட்டாயப்படுத்தவில்லை. எஞ்சிய வழியை மனச்சான்றுதான் நடக்கவேண்டும்.

அங்கேதான் நாம் தயங்குகிறோம். பிறரைத் தீர்ப்பிடலாகாது, ஒரு குடும்பத்தின் மானம் கெடலாகாது என்கிறோம். பிழையான ஐயம் ஓர் ஏழைக் குடும்பத்தை அலைக்கழித்துவிடும் என்ற அச்சமும் நியாயமானதே. ஆனால், ஐயத்தைத் தெரிவிப்பவர் தீர்ப்பிடுவதில்லை. கண்டதைக் கண்டபடி குறித்துவைத்து, விசாரிக்கும் பொறுப்புடையோரிடம் ஒப்படைக்கிறார். ஒன்றும் நடந்திராது என்று தாமே முடிவுகட்டி வாளாவிருப்பவரே தீர்ப்பிடுகிறார். அத்தீர்ப்பு பிள்ளைக்கு எதிரானது. மேல்முறையீடு செய்ய அதற்கு வழியும் இல்லை.

இக்கடமை பல்மருத்துவருக்கு மட்டும் உரியதன்று. ஆசிரியர், அண்டை வீட்டார், மறைக்கல்வி கற்பிப்போர் ஆகிய நாம் அனைவரும் பிள்ளைகளின் முகம் பார்ப்பவர்களே. 1098 என்ற எண்ணை எந்நேரமும் கட்டணமின்றி அழைக்கலாம். வலி தீர்ந்து நாற்காலியை விட்டு இறங்கும் பிள்ளை எத்தகைய வீட்டிற்குத் திரும்புகிறது என்று கேட்பதும் மருத்துவத்தைச் சேர்ந்ததே.