கொடுப்பது மட்டும் போதுமா?



ஏழைகளுக்கு உதவுவது நற்செயல் என்பதில் ஐயமில்லை. ஆனால் பொருளைக் கொடுத்தவுடன் நம் கடமை தீர்ந்துவிடுமா? அல்லது வாங்குகிறவரின் யோசனையைக் கேட்டு, பொறுப்பையும் அவரிடம் ஒப்புவிக்க வேண்டுமா?

ஆப்பிரிக்காவிலுள்ள கென்யா நாட்டில் நடந்ததைக் கேளுங்கள். அங்கே மலைக்காடுகளை அழித்துத் தேயிலையும் காப்பியும் பயிரிட்டார்கள். நாளடைவில் ஓடைகள் வற்றின, மண் கரைந்தோடியது. கிராமத்துப் பெண்கள் விறகுக்காக நெடுந்தூரம் நடந்தார்கள். விறகு அரிதானபடியால், அதிக நேரம் வேகவேண்டிய சத்துள்ள உணவைக் குறைத்தார்கள், பிள்ளைகள் மெலிந்தார்கள். இந்தக் கஷ்டத்தை அன்றாடம் சுமந்தவர்கள் அப்பெண்களே. ஆயினும் அவர்களிடம் யோசனை கேட்டவர் யார்?

வங்காரி மாத்தாய் என்னும் கல்விமாது கேட்டார். அவர்கள் சொன்ன குறைகளுக்கு மரம் நடுவதே மருந்தெனக் கண்டு, 1977-ஆம் ஆண்டில் பசுமை வளைய இயக்கத்தைத் தொடங்கினார். மரம் வளர்ப்பது படித்துத் தேறியவர்களின் வேலை என்று வன இலாகாவினர் எண்ணினார்கள். பெண்களோ பக்கத்து மரங்களின் விதைகளைப் பொறுக்கி, உடைந்த பானைகளிலும் பழைய தகர டப்பாக்களிலும் முளைக்கவைத்துப் பழகினார்கள். நட்ட கன்று பிழைத்தால், கன்றுக்கு இவ்வளவென்று சிறு தொகை தரப்பட்டது. கவனியுங்கள்: அது பிச்சையன்று, கூலி. இவ்வாறு வளர்ந்த இயக்கம் 5 கோடிக்கும் அதிகமான மரங்களை நட்டிருக்கிறது. 2004-ஆம் ஆண்டில் அம்மாதுக்கு நோபல் சமாதானப் பரிசு கிடைத்தது. 2011-இல் அவர் காலமானார்; வேலை நின்றுவிடவில்லை.

"எழுத்தறியாதவர்களிடம் பொறுப்பைக் கொடுத்தால் பணம் வீணாகாதா?" என்று சிலர் கேட்பீர்கள். சில சமயம் வீணாகலாம். அப்பெண்களும் செய்து பார்த்து, தவறித் திருத்தித்தான் கற்றார்கள். படித்தவர்களின் திட்டங்கள் தவறுவதே இல்லையா? தவறித் திருந்தும் சலுகையை நமக்கு மட்டும் வைத்துக்கொண்டு, ஏழைக்கு மறுப்பது நியாயமன்று. எந்நாளும் வாங்கும் கையாகவே ஒருவரை வைத்திருப்பது, அவருடைய பசியைத் தீர்த்தாலும் மதிப்பைக் குறைக்கிறது.

ஆகையால் பெற்றோர்களே, பெரியவர்களே, எட்டாத கிராமமொன்றுக்கு உதவி அனுப்பும்போது, அங்கே தண்ணீர் சுமக்கும் பெண்ணிடம் முதலில் கேளுங்கள். கிணறு எங்கே வேண்டுமென்று அவள் சொல்லட்டும். கணக்குப் புத்தகமும் அவள் கையில் இருக்கட்டும். நம் வீட்டிலும் அடுப்பெரிப்பவளின் யோசனையைக் கேட்கிறோமா என்று இன்றிரவு ஒருவரையொருவர் விசாரித்துக்கொள்வோம்.