கோளம் தட்டையாகுமா?

உருவமற்ற இறைவனை உருவத்தில் வணங்குவது பொய்யா? இந்தப் பழைய கேள்விக்குப் பொறியியல் வரைபடம் ஒரு வழி காட்டுகிறது. உருளையையும் கூம்பையும் தகட்டில் விரித்து வரையலாம். 14 செ.மீ. விட்டமுள்ள உருளை, ஏறக்குறைய 44 செ.மீ. அகலச் செவ்வகமாக விரியும். அதை வெட்டி, வளைத்து, ஓரத்தைப் பற்றவைத்தால் அதே உருளை திரும்பக் கிடைக்கும். கோளம் இதற்கு இணங்காது. ஆரஞ்சுத் தோலை மேசைமேல் வைத்து அழுத்துங்கள், ஓரம் கிழியும். கிழியாமல், இழுபடாமல் கோளம் தட்டையாகாது என்பது 1827-இல் கணித மேதை காஸ் நிறுவிய தேற்றத்தின் விளைவு. பிடிவாதமாக ஒரே தாளில் விரித்தால் அளவு கெடும். மெர்காட்டர் முறை உலகப்படத்தில், ஆப்பிரிக்காவின் பரப்பில் ஏறத்தாழ பதினான்கில் ஒரு பங்கான கிரீன்லாந்து அதற்குச் சமமாகத் தெரிகிறது.

ஆனால், முழுதாக விரியாத வளைவைச் சிறு தட்டைத் துண்டுகளால் போர்த்தலாம். மலேசியாவில் ஜோகூர் பாருவின் அருள்மிகு ராஜகாளியம்மன் கண்ணாடிக் கோயிலில் நடந்திருப்பது அதுதான். 1922-இல் எளிய குடிலாகத் தோன்றிய அந்தக் கோயிலின் உட்புறமெங்கும் இன்று கண்ணாடிச் சில்லுகள். ஒவ்வொரு சில்லும் தட்டை. அடுத்ததோடு சேருமிடத்தில் ஒரு கோடு. சில்லு சிறிதாக இருப்பதால்தான் வளைவைக் கெடுக்காமல் அதன்மேல் உட்காருகிறது. வழிபாட்டு உருவமும் அப்படித்தான் என்பேன். தானே முழுமை என்னும்போதுதான் அது பொய்யாகிறது. சைவ சித்தாந்தம் உருவம், அருவம், அருவுருவம் என மூன்றையும் ஏற்று, எதையும் எல்லையாக்காமல் விட்டதில் இந்தத் தெளிவு இருக்கிறது.

அப்படியானால் சில்லுகளே எதற்கு, அருவத்தையே நேராக வணங்கலாமே என்பார்கள். ‘அருவம்’ என்பதும் மனம் பற்றிக்கொள்ளும் ஒரு சொல், அதுவும் ஒரு சில்லுதான். வடிவகணிதம் கடவுளை நிரூபிக்குமா என்றால், இல்லை. நான் அதைக் கோரவும் இல்லை. ‘முழுமையைக் காட்டாத உருவம் பொய்’ என்ற வாதம் நிற்காது என்பதே நான் சொல்வது. பகுதியாக இருப்பது வேறு, பொய்யாக இருப்பது வேறு. அந்தக் கோயிலில் தீபாராதனை நேரத்தில் ஓரடி தள்ளி நின்று பாருங்கள்: சுடர் வேறொரு சில்லில் தெரியும்.